ஃபுளோரிடா ஆசிரியர் உரிமத்தைக் கோலாலம்பூரிலிருந்து புதுப்பித்தேன்

என் ஆசிரியர் உரிமம் 2024 ஜூன் 30 அன்று காலாவதியாகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். புதுப்பிக்கத் தேவையானதெல்லாம் கையில் இருக்கிறது என்று 2023 ஆகஸ்ட் வரை நம்பிக்கொண்டும் இருந்தேன். அலமாரியில் ஒரு நீலக் கோப்பு. கோலாலம்பூரில் நான் வேலை செய்யும் பன்னாட்டுப் பள்ளியில் கலந்துகொண்ட ஒவ்வொரு பயிற்சிக்கும் கிடைத்த சான்றிதழை அதில் தேதிவாரியாக அடுக்கியிருந்தேன். கூட்டிப் பார்த்தால் 146 மணி நேரம். ஃபுளோரிடா கேட்பது ஐந்து ஆண்டுகளில் 120 பணியிடைப் பயிற்சிப் புள்ளிகள். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

சரியாக இல்லை. அந்தப் புள்ளிகள் ஃபுளோரிடாவில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின் வழியாக வந்தவையாக இருக்க வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஊரில் இன்னும் கணிதம் கற்பிக்கும் ஒரு அக்காவிடம் தொலைபேசியில் பேசியபோதுதான் இது புரிந்தது. "அந்த 146 மணி நேரத்தை இங்கே யார் பதிவு செய்தார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "அப்படியானால் அதை மறந்துவிடு, கல்லூரிப் பாடம்தான் உனக்கு வழி" என்றார்.

அங்கே அரசுப் பள்ளியில் இருந்த காலத்தில் இதையெல்லாம் நான் யோசித்ததே இல்லை. புள்ளிகளைப் பள்ளி மாவட்ட அலுவலகமே கணக்கு வைக்கும். புதுப்பித்தலும் அவர்கள் வழியாகவே நடக்கும். நாட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் நம் விண்ணப்பம் நேராக டலஹாசியில் இருக்கும் மாநிலக் கல்வித் துறையின் ஆசிரியர் சான்றளிப்புப் பிரிவுக்குப் போகிறது. நினைவூட்ட யாரும் இல்லை. வகுப்பறையில் எத்தனை ஆண்டு நின்றாலும் அது தானாக உரிமத்தை நீட்டிக்காது.

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியின் நிரந்தரச் சான்றிதழுக்குக் காலாவதியே கிடையாது. டெக்சாஸ் வகுப்பாசிரியர்களிடம் ஐந்து ஆண்டுக்கு 150 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. ஆகவே வேறு மாநிலத்து உரிமம் வைத்திருக்கும் சக ஆசிரியரின் அனுபவத்தை அப்படியே பின்பற்றாதீர்கள். நான் பின்பற்றினேன், அதனால்தான் அந்த நீலக் கோப்பு உருவானது.

120 புள்ளிகளுக்கு மாற்று 6 செமஸ்டர் கிரெடிட். கிரெடிட் என்பது கல்லூரிப் பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு. அவற்றை உரிமத்தின் நடப்புக் காலத்துக்குள்ளேயே முடித்திருக்க வேண்டும். தரம் 'சி'-க்குக் கீழே போகக் கூடாது. அவற்றில் குறைந்தது ஒரு கிரெடிட் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்குக் கற்பிப்பது பற்றியதாக இருக்க வேண்டும். மலேசியாவிலேயே ஏதாவது பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா என்று முதலில் யோசித்தேன். வெளிநாட்டுக் கல்லூரி மதிப்பெண் என்றால் அதைத் தனியாக ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து அமெரிக்கக் கணக்குக்கு மாற்ற வேண்டும். பத்து மாதத்தில் அந்தச் சுற்று வேண்டாம் என்று, அங்கீகாரம் பெற்ற ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இணையவழியில் சேர்ந்தேன். மூன்று கிரெடிட் பாடம் ஒன்று செப்டம்பரில், இன்னொன்று ஜனவரியில். மார்ச்சில் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

டிசம்பரில் முதல் பாடத்தின் மதிப்பெண் வந்தது. தரம் 'ஏ'. அதற்குப் பக்கத்தில், கிரெடிட் என்ற சொல்லுக்கு முன்னால், 'குவார்ட்டர்' என்று சிறிய எழுத்தில் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகம் ஆண்டை செமஸ்டராக அல்லாமல் குவார்ட்டராகப் பிரிக்கிறது. மூன்று குவார்ட்டர் கிரெடிட் என்பது இரண்டு செமஸ்டர் கிரெடிட்தான். நான் திட்டமிட்ட இரண்டு பாடங்களும் சேர்ந்து நான்குதான் வரும். கணித ஆசிரியையான நான் அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மூன்றாவதாக ஒரு பாடத்தை வசந்த குவார்ட்டரில் எடுத்தால் ஜூன் இரண்டாவது வாரத்தில் முடியும், கெடுவுக்கு இரண்டு வாரம் இருக்கும். டிசம்பரிலேயே தெரிந்ததால் பிழைத்தேன். மார்ச்சில் தெரிந்திருந்தால் இடம் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

நேரக் கணக்கும் படுத்தியது. வீட்டுப்பாடங்களை அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 11:59-க்குள் சமர்ப்பிக்க வேண்டும். குளிர்காலத்தில் அது எனக்கு மறுநாள் பகல் 12:59. மதிய இடைவேளையில் கடைசியாக ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. மார்ச் 10 அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தினார்கள். மலேசியாவில் அந்த வழக்கம் இல்லை. அந்த வாரம் இறுதிக் கட்டுரை. காலை 11:20-க்கு ஆசிரியர் அறையில் பக்கத்தைத் திறந்தால், மீதி 39 நிமிடம் என்று காட்டுகிறது. மேற்கோள் பட்டியலை ஒழுங்குபடுத்தக்கூட நேரமில்லாமல் அனுப்பினேன். தரம் 'பி' வந்தது, போதும்.

இவ்வளவு அலைச்சலுக்கு நடுவில் முதல் பாடத்தைப் பற்றி மட்டும் நான் நன்றியோடு சொல்ல வேண்டும். மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்குக் கற்பிப்பது பற்றி, விதி கேட்கிறது என்பதற்காக எடுத்த பாடம் அது. என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். வாய்ப்பாடு முழுவதும் தெரியும், ஆனால் நெடு வகுத்தல் போட்டால் விடை தவறாகவே வரும். அவன் நோட்டில் "கவனமாக எழுது" என்று எத்தனை முறை சிவப்பு மையில் எழுதினேனோ தெரியாது. பாடத்தில் ஒரு வாரம் எண்ணறிவுச் சிரமங்களைப் பற்றியது. அதைப் படித்த பிறகு அவன் நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வகுத்தல் அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது. இலக்கங்கள்தான் கீழே இறங்க இறங்க வலப்பக்கம் சாய்ந்து, பத்தாம் இடத்தில் இருந்த 7 ஒன்றாம் இடத்துக்குக் கீழே போய் நிற்கிறது. மறுநாள் அவனுடைய கோடு போட்ட நோட்டைக் குறுக்கே திருப்பிக் கொடுத்தேன். படுத்திருந்த கோடுகள் நின்றுகொண்டன. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு பத்தி கிடைத்தது. 4,368-ஐ 12-ஆல் வகுத்து 364 என்று எழுதிவிட்டு, என்னைப் பார்க்காமல் அடுத்த கணக்குக்குப் போய்விட்டான். இந்த உரிமத்தைப் புதுப்பிக்க நான் செலவழித்த நேரத்தில் இந்த ஒரு பாடத்துக்குப் போனதை மட்டும் நான் செலவாகவே நினைப்பதில்லை.

கடைசிச் சிக்கல் பெயரில் வந்தது. தமிழர்களுக்கு இது புதிதல்ல. ஃபுளோரிடா உரிமத்தில் என் பெயருக்குப் பின் அப்பாவின் பெயர் கடைசிப் பெயராக இருக்கிறது. இடையில் புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவரின் பெயர் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்தேன். மதிப்பெண் பட்டியலை வேறு ஒருத்தியுடையதாக எடுத்துக்கொண்டுவிட்டால்? மே மாதமே பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதினேன். திருமணச் சான்றிதழின் பிரதியை அனுப்பிய பிறகு, பட்டியலில் என் முந்தைய பெயரையும் சேர்த்து அச்சிட ஒப்புக்கொண்டார்கள். வெளிநாட்டுக்குப் போகும் ஆசிரியர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: உரிமத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே பெயரில், அதே வரிசையில், எழுத்து மாறாமல் பாடத்துக்குப் பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால் பெயர் மாற்றத்தைக் கடைசி மாதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மற்றபடி விண்ணப்பம் எளிதுதான். இணையத்தில் படிவத்தை நிரப்பி 75 டாலர் கட்டினேன். அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியலை நாம் நகலெடுத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். மூன்றாவது பாடத்தின் தரம் பதிவான பிறகே அந்தக் கோரிக்கையைக் கொடுத்தேன். முன்பே கொடுத்திருந்தால் மூன்றாவது பாடம் இல்லாத பட்டியல் போயிருக்கும்.

ஜூன் 26 காலை புதிய சான்றிதழ் திரையில் தெரிந்தது: 2024 ஜூலை 1 முதல் 2029 ஜூன் 30 வரை. அப்போது ஃபுளோரிடாவில் முந்தைய நாள் இரவு. அக்கா விழித்திருப்பாரோ என்று தயங்கித்தான் செய்தி அனுப்பினேன். உடனே அழைத்தார். "அடுத்த ஐந்து வருடத்தை இப்போதே எழுதி வை" என்றார்.

எழுதி வைத்திருக்கிறேன். நீலக் கோப்பு அப்படியே இருக்கிறது. என் பள்ளிக்கு அது வேண்டும். பக்கத்தில் ஒரு பச்சைக் கோப்பு வாங்கி, முதல் பக்கத்தில் பாடம், தேதி, கிரெடிட், அலகு என்று நான்கு பத்திகள் போட்டேன். போன மாதம் புள்ளியியல் பாடம் ஒன்றுக்குப் பதிவு செய்தேன், உரிமத்தில் உள்ள பெயரில். பணம் கட்டுவதற்கு முன் பாட அறிவிப்பில் 'செமஸ்டர்' என்ற சொல் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். இருந்தது.