பதினைந்தாவது சட்டை

"சேட்டா, இவிடெ!"

பந்தோட ஓடின என்னை எதிராளி பிடிச்சுச் சாய்க்க, அந்த டேக்கிள்ல விழுந்துக்கிட்டே திரும்பிப் பார்த்தேன். எதிர் டீம் பையன். எங்க சட்டையில.

காலையில பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எங்க பி டீமுக்கு 14 பேர்தான் தேறினோம். ரக்பிக்கு 15 வேணும். நாங்க கேட்கறதுக்கு முன்னாடியே இவன் அவங்க பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, எங்க பழைய சட்டையை மாட்டிக்கிட்டான். தோள்ல தையல் விட்ட சட்டை.

ரக்பியில பந்தைக் கையால முன்னாடி எறியக் கூடாது. பக்கவாட்டுல, இல்லேன்னா பின்னாடிதான். அதனால பின்னால ஒருத்தன் வந்துக்கிட்டே இருக்கணும். இந்த ஆட்டத்துல எனக்குப் பிடிச்சதே அதுதான்.

பந்தை அவனுக்குக் கொடுத்தேன். கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில அழுத்தினான். ட்ரை, 5 புள்ளி. முதல்ல கை தட்டினது அவனோட டீம்தான்.

தோத்துட்டோம். கிளம்பும்போது சட்டையை மடிச்சு நீட்டினான்.

நான் வாங்கிக்கல.