ஆப்பிரிக்காவை ஐரோப்பா பங்கு போட்டது: மெயின்ஸுக்கு இந்தப் பகுதியை நான் படித்த விதம்

யுபிஎஸ்சி குடிமைப் பணி மெயின்ஸ் தேர்வின் ஜிஎஸ் (பொது அறிவு) முதல் தாளுக்கு உலக வரலாறு படிக்கிறவர்கள் தொழிற்புரட்சி, இரண்டு உலகப்போர்கள் என்று நேரத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, ஆப்பிரிக்காவுக்கு வரும்போது ‘பொருளாதாரம், அரசியல், மதம், தொழில்நுட்பம்’ என்று நான்கு காரணங்களை எழுதி முடித்துவிடுகிறார்கள். எங்கள் படிப்பு வட்டத்தில் ஒருவர் விடைத்தாளை ஒருவர் திருத்தும்போது நான் அதிகம் பார்த்தது இதைத்தான். அந்த நான்கு காரணங்களைத் தூக்கி இந்தோசீனாவுக்குப் போட்டாலும் பொருந்தும், பசிபிக் தீவுகளுக்குப் போட்டாலும் பொருந்தும். எங்கே போட்டாலும் பொருந்துகிற விடைக்கு மதிப்பெண் வராது. தமிழ் வழியில் எழுதப்போகிற தம்பி தங்கைகளுக்கு உதவும் என்று நான் படித்த வழியை எழுதுகிறேன்.

முதலில் பழைய கேள்விகளைப் பாருங்கள். 2013இல் வந்த கேள்வியின் சாரம், ஐரோப்பியப் போட்டியில் தற்செயலாக ஆப்பிரிக்கா செயற்கை நாடுகளாகத் துண்டுபோடப்பட்டது என்ற கூற்றை ஆராயச் சொல்வது. 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில் காலனி எதிர்ப்பை முன்னெடுத்த, மேற்கத்தியக் கல்வி பெற்ற புதிய மேல்தட்டைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டிலுமே ‘காரணங்களைப் பட்டியலிடுக’ என்று இல்லை. ஒரு கருத்தைக் கையில் கொடுத்து, அது எவ்வளவு தூரம் சரி என்று கேட்கிறார்கள். அதற்குப் பட்டியல் உதவாது, நிகழ்வுகள் தெரிந்திருக்க வேண்டும்.

நான் இந்தப் பகுதியை ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு படித்தேன்: ஏன் அப்போது? போர்ச்சுகீசியர் 15ஆம் நூற்றாண்டிலேயே ஆப்பிரிக்கக் கரைக்கு வந்துவிட்டார்கள். டச்சுக்காரர்கள் 1652இல் கேப் முனையில் குடியேறினார்கள். பிரான்ஸ் 1830இல் அல்ஜியர்ஸைப் பிடித்தது. இவ்வளவுக்குப் பிறகும் 1870களில் கண்டத்தின் பத்தில் ஒரு பங்கு நிலம்தான் ஐரோப்பியர் கையில் இருந்தது. 1914இல் பார்த்தால் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தவிர மிச்சம் எல்லாம் போய்விட்டது. நானூறு வருடம் கரையோரத்திலேயே நின்றவர்கள் முப்பது முப்பத்தைந்து வருடத்தில் உள்நாடு முழுக்கப் புகுந்தார்கள் என்றால் இடையில் எது மாறியது? விடையை இந்தக் கேள்வியில் தொடங்கினாலே உங்கள் தாள் மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கும்.

மாறியவற்றை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, முடிந்தது எப்படி; இன்னொன்று, வேண்டும் என்று தோன்றியது ஏன். மலேரியாவுக்கான கொய்னா மருந்து, நீராவிப் படகு, தந்தி, 1884இல் வந்த மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி எல்லாம் முதல் வகை. 1854இல் நைஜர் ஆற்றில் போன பெய்க்கி என்பவரின் பிரிட்டிஷ் பயணக் குழு கொய்னாவைத் தவறாமல் எடுத்துக்கொண்டு காய்ச்சலுக்கு ஒரு உயிரைக்கூட இழக்காமல் திரும்பியது. 1898இல் சூடானின் ஓம்துர்மானில் ஒரே காலையில் பத்தாயிரம் பேர் அளவில் மஹ்தி இயக்கத்தின் சூடானியப் படையினர் செத்தார்கள், பிரிட்டிஷ்-எகிப்தியப் படையில் ஐம்பதுக்கும் குறைவு. இந்த இரண்டு உதாரணம் போதும், தொழில்நுட்பத்துக்கு இதற்கு மேல் இடம் கொடுக்க வேண்டாம். கையில் துப்பாக்கி இருந்தது என்பது ஏன் அந்த நிலத்தின் மேல் ஆசை வந்தது என்று சொல்லாது.

ஆசைக்குப் பின்னால் ஐரோப்பாவில் நடந்தது: 1871இல் ஜெர்மனி ஒன்றானது, இத்தாலியும் ஒரே நாடாகிவிட்டது, அதே ஆண்டில் ஜெர்மனியிடம் தோற்றுப்போன பிரான்ஸ் இழந்த மானத்தை வெளியே தேடியது, 1873இல் தொடங்கிய நீண்ட மந்தநிலையில் நாடுகள் ஒவ்வொன்றாகச் சுங்கச் சுவர் எழுப்பின. நம் சந்தையை அடுத்தவன் அடைத்துவிடுவான் என்ற பயம் பிடித்துக்கொண்டது. 1881இல் துனிசியாவை பிரான்ஸ் எடுத்ததும், 1884இல் ஜெர்மனியின் பிஸ்மார்க் திடீரென்று தென்மேற்கு ஆப்பிரிக்கா, டோகோ, கேமரூன் மூன்றிலும் கொடி ஏற்றியதும் இந்தச் சூழலில்தான்.

சரி, இதுவரை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்கும். இனி நான் சொல்வதற்குத்தான் நேரம் ஒதுக்கச் சொல்கிறேன். இரண்டு ஊர்க்கதைகளை ஆழமாகப் படியுங்கள். நான் எடுத்தது ஒபோபோவும் எகிப்தும்.

ஒபோபோ இன்றைய நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் இருக்கிறது. 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்த பிறகு அந்தப் பகுதியின் முக்கியச் சரக்கு பாமாயில். சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் ஆலை இயந்திரங்களுக்கு மசகாகவும் பிரிட்டனுக்கு அது தேவைப்பட்டது. சிறுவனாக அடிமையாக விற்கப்பட்டு, வணிகத்தில் உயர்ந்து, 1869இல் ஒபோபோவைத் தனி அரசாக நிறுவியவர் ஜாஜா. உள்நாட்டிலிருந்து வரும் எண்ணெய் அவர் கையைத் தாண்டித்தான் கரைக்கு வரும். ஒரு கட்டத்தில் கரையில் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் வணிகர்களை ஒதுக்கிவிட்டு நேராக லிவர்பூலுக்கே எண்ணெயை அனுப்பத் தொடங்கினார். 1884இல் பிரிட்டன் ‘பாதுகாப்பு’ ஒப்பந்தத்தோடு வந்தபோது அவர் சும்மா கையெழுத்துப் போடவில்லை, தடையற்ற வணிகம் என்ற பிரிவை நீக்கச் சொல்லி, நீக்கிய பிறகுதான் போட்டார். 1887இல் தூதரகப் பொறுப்பில் இருந்த ஹாரி ஜான்ஸ்டன், பேச்சுவார்த்தைக்கு வாருங்கள் என்று பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு அழைத்து அங்கேயே அவரைப் பிடித்துவைத்தார். அக்ராவில் விசாரணை, மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடு கடத்தல். 1891இல் ஊர் திரும்பும் வழியில் டெனெரீஃப் தீவில் ஜாஜா இறந்துபோனார்.

இந்த ஒரு கதையில் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள். அடிமை வணிகம் நின்று மூலப்பொருள் வணிகம் வந்தது, ஆப்பிரிக்க இடைத்தரகரை அகற்ற வேண்டும் என்ற வணிகர்களின் அழுத்தம், லண்டன் திட்டமிடும் முன்பே களத்தில் இருந்த அதிகாரி எடுத்த முடிவு, ஒப்பந்தம் என்ற கருவி, ஆப்பிரிக்கத் தலைவர்களின் சாமர்த்தியம். ‘ஏதுமறியாத தலைவர்கள் கண்ணாடி மணிக்கு நாட்டை எழுதிக் கொடுத்தார்கள்’ என்று எழுதுகிறவர்கள் ஜாஜாவை ஒருமுறை படிக்க வேண்டும். எனக்கு இந்த வரியைப் பார்த்தாலே கோபம் வரும்.

எகிப்து வேறு வகை. அங்கே உள்ளே புகுந்தது கடன். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் பருத்தி விலை ஏறியபோது பணம் கொட்டியது, போர் முடிந்து விலை இறங்கிய பிறகும் எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் பாஷா ரயில், கால்வாய், அரண்மனை என்று கடன் வாங்கிக்கொண்டே போனார். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் அந்தக் கால்வாயில் தனக்கிருந்த பங்குகளை பிரிட்டனுக்கு 40 இலட்சம் பவுண்டுக்கு விற்க வேண்டிய நிலை. 1876இல் திவால், கடன் கொடுத்த நாடுகளின் ஆணையம் வரவு செலவில் வந்து உட்கார்ந்தது. 1879இல் இஸ்மாயிலை இறக்கினார்கள். எகிப்து எகிப்தியருக்கே என்று அதிகாரி உராபி தலைமையில் ராணுவம் கிளம்பியதும், 1882 ஜூலையில் அலெக்சாந்திரியா மேல் பிரிட்டிஷ் குண்டு விழுந்தது, செப்டம்பரில் டெல் எல் கெபீர் போரில் எல்லாம் முடிந்து எகிப்து பிரிட்டன் கைக்குப் போனது. இந்தியாவிலிருந்து போன படைகளும் அந்தப் போரில் இருந்தன, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவு உட்பட. இந்தியாவுக்குப் போகிற கடல் வழியைக் காக்க இந்தியப் படையையே கொண்டுபோனார்கள் என்பதை விடையில் ஒரு வரி சேர்த்தால் திருத்துபவர் நிச்சயம் நின்று படிப்பார்.

இந்த இரண்டும் கையில் இருந்தால் வரலாற்றாசிரியர்களின் வாதம் தானாகப் புரியும். மிச்சமான மூலதனம் லாபம் தேடி வெளியே போனதுதான் காரணம் என்றார் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஹாப்சன், அதை லெனின் முதலாளித்துவத்தின் கட்டமாக விரித்தார். எகிப்தின் கடன் பத்திரங்களுக்கு இது பொருந்தும், தென்னாப்பிரிக்காவின் தங்கத்துக்கும் பொருந்தும். ஆனால் பிரிட்டிஷ் மூலதனத்தின் பெரும்பங்கு போனது அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா போன்ற இடங்களுக்கு. வெப்பமண்டல ஆப்பிரிக்காவுக்குப் போனது சொற்பம். வரலாற்றாசிரியர்கள் ராபின்சனும் கல்லாகரும் சூயஸ் கால்வாயையும் இந்திய வழியையும், களத்தில் வெடித்த நெருக்கடிகளையும் முன்னே வைத்தார்கள். என் கருத்தில் ஒரே கோட்பாட்டில் கண்டம் முழுவதையும் அடைக்க முடியாது. எந்தக் கோட்பாடு எந்த ஊருக்குப் பொருந்துகிறது என்று காட்டுவதுதான் நல்ல விடை.

அப்புறம் பெர்லின் மாநாடு. இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 1884 நவம்பரிலிருந்து 1885 பிப்ரவரி வரை 14 நாடுகள் கூடின, அமெரிக்காவும் துருக்கியும் சேர்த்து. ஆப்பிரிக்கர் ஒருவரும் அழைக்கப்படவில்லை. ‘அங்கே ஒரு வரைபடத்தை விரித்து கண்டத்தைக் கூறுபோட்டார்கள்’ என்று எழுதாதீர்கள். காங்கோ படுகையில் தடையற்ற வணிகம், காங்கோ நைஜர் ஆறுகளில் எல்லோருக்கும் கப்பல் போக்குவரத்து, கரையோரத்தில் புதிதாக உரிமை கோருபவர் மற்றவர்களுக்கு அறிவித்து உண்மையான ஆக்கிரமிப்பைக் காட்ட வேண்டும் என்ற விதி, இவைதான் முக்கிய முடிவுகள். கோடுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு இரண்டிரண்டு நாடுகளாகப் பேசிப் போட்டவை. ஆனாலும் அந்த விதி போட்டியை முடுக்கிவிட்டது, அதை மறுக்க முடியாது.

கோடுகள் எப்படி விழுந்தன என்பதற்கு நமீபியாவின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடகிழக்கு மூலையில் ஒரு நீளமான வால் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் கேப்ரிவி பட்டை. 1890இல் பிரிட்டனும் ஜெர்மனியும் செய்த ஒப்பந்தத்தில், தென்மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சாம்பசி ஆற்றுக்கு வழி வேண்டும் என்று ஜெர்மனி கேட்டு வாங்கிய துண்டு அது. கிழக்கே போகும் நீர்வழி என்று கணக்குப் போட்டார்கள், ஆனால் கொஞ்சம் கீழே வழியை மறித்து நிற்கிறது விக்டோரியா அருவி. அதே ஒப்பந்தத்தில் வடகடலில் இருக்கும் ஹெலிகோலாந்து தீவு ஜெர்மனிக்கு, சான்சிபார் பிரிட்டனின் பாதுகாப்பில். அந்த வாலில் வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. 2013 கேள்விக்கு இதைவிடச் சிறிய, கூர்மையான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. சோமாலியர் ஐந்து ஆட்சிகளுக்குள் சிதறியதையும், 1964இல் கெய்ரோவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு அந்த எல்லைகளையே ஏற்றுக்கொண்டதையும் சேர்த்தால் விடை இன்றைக்கு வந்துவிடும். ‘தற்செயல்’ என்ற சொல்லை மட்டும் அப்படியே ஏற்காதீர்கள். கோடு விழுந்த இடம் தற்செயலாக இருக்கலாம், நிலம் வேண்டும் என்ற ஆசை தற்செயல் கிடையாது.

காங்கோவைத் தனியாகப் படியுங்கள். மனிதநேயப் பணி என்று சொல்லி 1885இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு தன் சொந்த உடைமையாக்கிக்கொண்ட நாடு. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்து ரப்பர் தேவை ஏறியபோது, கிராமங்களுக்கு ரப்பர் அளவு விதித்து, கொண்டுவராதவர்களின் குடும்பத்தைப் பிணையாகப் பிடித்து, கைகளை வெட்டி நடந்த ஆட்சி. 1904இல் இந்தக் கொடுமைகளை வெளியிட்ட பிரிட்டிஷ் தூதர் கேஸ்மென்டின் அறிக்கை, பத்திரிகையாளர் மோரலின் எதிர்ப்பு இயக்கம், 1908இல் பெல்ஜிய அரசுக்கு மாற்றம். ‘நாகரிகப்படுத்தும் கடமை’ என்ற காரணத்தை எழுதும்போது பக்கத்திலேயே இதை வையுங்கள்.

எதிர்ப்பை விடாதீர்கள். 1879 இசண்ட்ல்வானாவில் பிரிட்டிஷ் படையை வென்ற ஜூலுக்கள், 1898 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் பிரான்ஸை அலைக்கழித்த சமோரி டூரே, 1896 அத்வாவில் இத்தாலியை வீழ்த்திய எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக், 1905இல் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் மாஜி மாஜி கிளர்ச்சி. மெனெலிக் ஐரோப்பியரிடமே ஆயுதம் வாங்கி, அவர்களுக்குள் இருந்த போட்டியைப் பயன்படுத்தி நின்றார்.

தென்னாப்பிரிக்கா படிக்கும்போது நம்மவர்களும் வருவார்கள். மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போய் 1860 நவம்பரில் இறங்கியவர்களில் தமிழர்கள் நிறைய.

கடைசியாக எழுதும் முறை. 150 சொல் விடையில் பாதிப் பக்கத்துக்கு முன்னுரை வேண்டாம். ‘ஏன் அப்போது’ என்று இரண்டு வரி, ஒரு ஊர்க்கதை நான்கு வரி, அது எந்த வாதத்துக்கு ஆதரவு என்று ஒரு வரி, எதிர்க்கருத்து ஒன்று, முடிந்தது. 250 சொல் விடை என்றால் இரண்டு கதைகள், ஒன்று மேற்கிலிருந்து, ஒன்று வடக்கு அல்லது தெற்கிலிருந்து. ஆப்பிரிக்கா வரைபடத்தைக் கைவாக்கில் போடப் பழகி, அதில் சூயஸ், ஒபோபோ, காங்கோ, விட்வாட்டர்ஸ்ராண்ட் (தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கப் பகுதி), அத்வா, ஃபஷோடா (1898இல் பிரிட்டனும் பிரான்ஸும் எதிரெதிரே நின்ற சூடான் ஊர்) ஆகிய ஆறு இடங்களையும் குறித்துவிடுங்கள். பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்று முன்கூட்டியே ஒரு தாளில் முடிவுசெய்து, எல்லா விடையிலும் அதே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள். பத்தாம் வகுப்பு மாநிலப் பாடநூலில் முதல் உலகப்போர்ப் பாடத்தை முதலில் படித்துவிட்டு இதற்கு வந்தால் சொற்கள் கைக்கு வந்திருக்கும்.