வரி குறைந்த காலாண்டில் கூடிய வரிச்செலவு

2017 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவில் புதிய வரிச் சட்டம் கையெழுத்தானது. நிறுவனங்கள் கட்டும் கூட்டாட்சி வருமான வரி 35 சதவீதத்திலிருந்து 21 ஆக இறங்கியது. எங்கள் துணை நிறுவனம் ஒன்று அங்கே இயங்கியதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. குழுமத்தின் வரிக் கணக்கைத் தொகுக்கும் எனக்கும்தான்.

ஜனவரியில் டிசம்பர் காலாண்டுக் கணக்கை முடிக்க உட்கார்ந்தேன். டெஃபர்டு டாக்ஸ், அதாவது பிற்காலத்தில் மிச்சமாகும் அல்லது கட்ட வேண்டிவரும் வரியை இப்போதே கணக்கில் காட்டும் தாளில், அமெரிக்க விகிதம் ஒரே ஒரு கட்டத்தில் இருந்தது. 35-ஐ அழித்து 21 என்று அடித்தேன். கீழே எண்கள் மாறிக்கொண்டே போய், கடைசி வரிசையில் பயனுறு வரி விகிதம், அதாவது லாபத்தில் வரிச்செலவின் பங்கு, 30-லிருந்து 50 சதவீதத்துக்கு ஏறி நின்றது. சூத்திரத்தில் தவறு என்று நினைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். தவறு எதுவும் இல்லை.

முழு எண்களில் சொன்னால் விஷயம் இதுதான். அந்தத் துணை நிறுவனம் தொடக்க ஆண்டுகளில் 1 கோடி டாலர் இழப்பைச் சேர்த்து வைத்திருந்தது. பிற்கால லாபத்தில் அதைக் கழித்துக்கொண்டால் 35 லட்சம் டாலர் வரி மிச்சமாகும் என்று அதை ஒரு சொத்தாகக் கணக்கில் காட்டியிருந்தோம். விகிதம் 21 ஆனதும் அதே இழப்பு மிச்சப்படுத்தித் தரும் வரி 21 லட்சம்தான். மீதி 14 லட்சத்தை அந்தக் காலாண்டிலேயே செலவாக எழுத வேண்டும். குழுமத்தின் வரிக்கு முந்தைய லாபம் 70 லட்சம் டாலர். வழக்கமான வரி 21 லட்சம். இரண்டும் சேர்ந்து 35 லட்சம், லாபத்தில் சரிபாதி. இத்தனைக்கும் அந்த 14 லட்சத்தில் ஒரு டாலர்கூடக் கையைவிட்டுப் போகவில்லை.

புதிய விகிதம் நடைமுறைக்கு வருவதே 2018 ஜனவரி 1-இல்தானே என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் டெஃபர்டு டாக்ஸை எப்போது மறுமதிப்பிடுவது என்பதற்கு விகிதம் அமலாகும் நாள் கணக்கில்லை. சட்டம் உறுதியான நாள்தான் கணக்கு. பிற்காலத்தில் கட்ட வேண்டிய வரியை டெஃபர்டு டாக்ஸ் பொறுப்பாகக் காட்டியிருந்த நிறுவனங்களுக்கு, அதே டிசம்பரில் லாபம் கொட்டியது.

மேலாளரிடம் தாளைக் கொண்டுபோனேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “விகித ஒப்பீட்டு அட்டவணையில் இதை ‘மற்றவை’யில் சேர்த்துவிடலாமா?” என்றார். “வேண்டாம் சார், தனி வரிசையாகக் காட்டுவோம்” என்றேன். சட்டப்படியான விகிதத்திலிருந்து பயனுறு விகிதம் ஏன் விலகியது என்பதைச் சொல்லத்தான் அந்த அட்டவணையே இருக்கிறது. இருபது புள்ளிகளை ‘மற்றவை’ என்ற ஒரு சொல்லுக்குள் மறைத்தால், அடுத்த ஆண்டு விகிதம் தானாக இறங்கும்போது நிர்வாகம் சாதித்ததுபோலத் தோன்றும். முதலீட்டாளருக்கு இரண்டு ஆண்டும் பொய்ச் சித்திரம் கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டார். ‘அமெரிக்க விகித மாற்றத்தால் ஒருமுறை மறுமதிப்பீடு’ என்று தனி வரிசை வந்தது.

  

2021-இல் பிரிட்டன் நேரெதிர்த் திசையில் போனது. 2023 ஏப்ரல் முதல் விகிதம் 19-லிருந்து 25 சதவீதமாகும் என்ற நிதி மசோதா மே 24 அன்று நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் அவையைத் தாண்டியது. சர்வதேசக் கணக்கியல் தரத்தின்படி அன்றே அது உறுதியானதாகிவிடும். அங்கிருந்த எங்கள் துணை நிறுவனத்திலும் பழைய இழப்பு இருந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு பயன்படப்போகும் பகுதியை 25-இல் மறுமதிப்பிட்டதும், வரி உயர்வு உறுதியான காலாண்டில் எங்கள் பயனுறு விகிதம் இறங்கியது. அட்டவணையோடு மேலாளரின் அறைக்குள் நுழைந்தேன். நான் வாய் திறப்பதற்குள், “இதையும் தனி வரிசையாகத்தானே போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.