நியூசிலாந்தில் இனத் தரவு: எந்த மட்டத்தில் எடுப்பது?

நியூசிலாந்தில் ஆய்வாளர், சமூக அமைப்பு, அரசுத்துறை மூவரும் முதலில் பேசி முடிக்க வேண்டியது குறியீட்டு மட்டம், அதாவது ஒருவரின் இனத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிவது என்பது. அரசு வகைப்பாட்டில் 4 மட்டங்கள். தமிழரை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் மட்டத்தில் எல்லாரும் 'ஆசியர்'. இரண்டாவதில் இந்தியத் தமிழர் 'இந்தியர்' ஆகிறார்கள். இலங்கைத் தமிழரோ 'பிற ஆசியர்' பக்கம் போய்விடுகிறார்கள். ஒரே மொழிக்காரர்கள், இரண்டு வரிசையில்! நான்காம் மட்டத்தில்தான் 'இலங்கைத் தமிழர்' என்ற பெயரே வரும். அங்கேயே சேகரியுங்கள். மேலே தொகுக்கலாம், தொகுத்ததைப் பிறகு பிரிக்க முடியாது.

ஒருவர் பல இனங்களைச் சொன்னால் எல்லாவற்றிலும் எண்ணுங்கள். கூட்டுத்தொகை 100 சதவீதத்தைத் தாண்டும்; அது பிழையல்ல. ஒருவரை ஒரே இனத்தில் மட்டும் எண்ணும் முன்னுரிமை முறையில், நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி முதலில் வருவதால், மாவோரி-இந்தியக் குழந்தை இந்தியர் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். பெயரையோ தோற்றத்தையோ பார்த்து ஊழியரே இனத்தைக் குறிப்பது கூடவே கூடாது. சிறிய சமூகங்களில் குறைந்த எண்ணிக்கையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அட்டவணையை வெளியிடும் முன் அந்தச் சமூக அமைப்பிடம் காட்டுங்கள்.