பை-ஆம்ப் பண்ணா பவர் டபுள் ஆகுமா, ஓம் பாதியாகுமா? நான் நோண்டிப் பார்த்த கதை

கோத்தகிரியில மழை விடவே மாட்டேங்குது. ஊட்டி, கூடலூர் பக்கமெல்லாம் ஆடியில நனைஞ்சு முடிச்சிருவாங்க, எங்களுக்கும் குன்னூருக்கும் ஐப்பசி கார்த்திகைலதான் வானம் கிழியும். வெளிய போக முடியாம வீட்டுக்குள்ளயே கெடந்தா கை சும்மா இருக்குமா, ஸ்பீக்கர் பின்னாடி போய் உக்காந்துட்டேன்.

என் ஸ்பீக்கர்ல பின்னாடி ரெண்டு ஜோடி டெர்மினல். மேல ஒரு சிவப்பு கருப்பு, கீழ ஒரு சிவப்பு கருப்பு, நடுவுல பித்தளைப் பட்டை போட்டு ரெண்டையும் சேர்த்திருக்கும். வாங்கி நாலு வருஷமாச்சு, அது எதுக்குன்னு ஒருநாளும் யோசிச்சதில்ல. ரிசீவர் ஏழு சேனல், நான் போட்டிருக்கிறது 5.1 (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), ஆக ரெண்டு சேனல் தண்டமா கெடக்கு, மெனுவுக்குள்ள போனா பை-ஆம்ப்னு ஒரு ஆப்ஷன் கண்ணடிக்குது, அதாவது ஒரே ஸ்பீக்கரோட மேல் டெர்மினலுக்கு ஒரு ஆம்ப், கீழ் டெர்மினலுக்கு இன்னொரு ஆம்ப். சேனலுக்கு நூறு வாட்ஸ், நூறும் நூறும் இருநூறு, அப்புறம் என்ன, வயரை சீவ ஆரம்பிச்சுட்டேன்.

நாலு வயரையும் முறுக்கி, சொருகி, ஆன் பண்ணி, சவுண்ட கொஞ்சம் ஏத்துனேன், டொக். ரிசீவர் ப்ரொடெக்ட்னு காட்டிட்டு படுத்துருச்சு. என்னடான்னு பார்த்தா பட்டையைக் கழட்டவே இல்ல! பட்டை இருந்தா ரெண்டு ஆம்போட அவுட்புட்டும் நேருக்கு நேர் ஒட்டிக்கும். ஆம்ப் அவுட்புட்டோட சொந்த இம்பிடன்ஸ் (கரண்டுக்குக் காட்டுற எதிர்ப்பு, ஓம்ல அளக்கிறது) ஒரு ஓம்ல ஏதோ ஒரு துளிதான், அதனால ரெண்டுக்கும் நடுவுல சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் போதும், கரண்ட் ஸ்பீக்கருக்குப் போகாம ஒரு ஆம்ப்ல இருந்து இன்னொரு ஆம்புக்குள்ள பாயும். ப்ரொடெக்ஷன் ஒழுங்கா வேலை செஞ்சதால பொழைச்சேன். இந்தப் பதிவுல வேற எதையும் படிக்கலன்னாலும் பரவால்ல, பட்டையை மட்டும் கழட்டிருங்க, நாலையும்.

அப்புறம்தான் பயம் வந்துச்சு. ஒரே ஆம்ப்ல ஏ, பின்னு ரெண்டு செட் ஸ்பீக்கர் போட்டா 8 ஓம் 4 ஓம் ஆகும்ல, அதே மாதிரி இதுலயும் ஓம் பாதியாகி ரிசீவர் சூடாகுமோ? கீழ்வீட்டு அண்ணன் டீ ஃபேக்டரியில எலக்ட்ரீஷியன், அவர்கிட்ட கேட்டேன். "வாயால பேசி என்ன தம்பி, மீட்டர எடு"ன்னுட்டார்.

பட்டையோட வச்சுப் பார்த்தப்ப 5.8 ஓம் காட்டுச்சு. (8 ஓம் ஸ்பீக்கர்ல டிசி ரெசிஸ்டன்ஸ் இப்படித்தான் கம்மியா வரும், ஸ்பீக்கர் போயிருச்சுன்னு பயப்படாதீங்க.) பட்டையைக் கழட்டிட்டு கீழ் டெர்மினல்ல வச்சா அதே 5.8. மேல் டெர்மினல்ல வச்சா நம்பர் கொஞ்சம் ஓடிட்டு ஓபன்னு நின்னுருச்சு, சர்க்யூட்டே இல்லாத மாதிரி. டுவீட்டர் (ட்ரெபிளுக்கான சின்ன ஸ்பீக்கர்) எரிஞ்சு போச்சான்னு நான் பதறிட்டேன், அண்ணன் சிரிக்கிறார். டுவீட்டருக்கு முன்னாடி ஒரு கெப்பாசிட்டர் சீரிஸ்ல நிக்குது, அது டிசிய விடாது.

இந்த ஒரு விஷயத்துலயே முக்கால்வாசி பதில் இருக்கு. 6.8 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்னு வைங்க, 100 ஹெர்ட்ஸ்ல அது மட்டுமே 234 ஓம் கிட்ட நிக்கும், 10,000 ஹெர்ட்ஸ்ல வெறும் 2.3. வூஃபர் (பாஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) பக்கம் காயில், அது தலைகீழ். 0.5 மில்லிஹென்ரி காயில் 50 ஹெர்ட்ஸ்ல 0.16 ஓம்தான், 10,000 ஹெர்ட்ஸ்ல 31 ஓம். அதாவது பாஸ் வர்றப்ப மேல் பாதி கதவ சாத்திக்குது, ட்ரெபிள் வர்றப்ப கீழ் பாதி சாத்திக்குது. பட்டை இருக்கிறப்பவும் இதேதான் நடந்துட்டு இருந்துச்சு. ஸ்பீக்கரோட ஓம் மாறல, ஒரு ஆம்ப் பார்த்துட்டு இருந்த லோட ரெண்டா பிரிச்சு ரெண்டு ஆம்ப் பாக்குது, அவ்ளோதான். ஒவ்வொரு ஆம்புக்கும் முன்ன விட லேசான லோடுதான், பாதியாகிறதெல்லாம் இல்ல.

சரி ஓம் பயம் போச்சு, இருநூறு வாட்ஸ் எங்க? அங்கதான் ஏமாத்தம். ஆம்ப் தர்றது வோல்டேஜ், எவ்ளோ கரண்ட் எடுக்கணும்னு முடிவு பண்றது ஸ்பீக்கர். ரிசீவர் ரெண்டு சேனலுக்கும் ஒரே முழுப் பாட்டத்தான் அனுப்புது, டுவீட்டர் ஆம்பும் அந்த பாஸோட முழு வோல்டேஜையும் ஏறி எறங்கியே ஆகணும், கரண்ட் மட்டும் போகாது. அதனால பழைய ஒத்த ஆம்ப் எந்த வால்யூம்ல கிளிப் ஆச்சோ, அதாவது வோல்டேஜ் பத்தாம சத்தம் கிழிஞ்சுச்சோ, கிட்டத்தட்ட அதே எடத்துலதான் இதுவும் முட்டும். இதுக்கு மேல ஏழு சேனலுக்கும் உள்ள ஒரே ட்ரான்ஸ்ஃபார்மர், ஒரே டேங்க்ல ரெண்டு பைப்பு போட்டு தண்ணி ரெண்டு மடங்குன்னு சொல்ற கதை. அப்படியே நெஜமா டபுள் ஆனாலும் 3 டெஸிபல்தான், காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா பத்து மடங்கு பவர் வேணும்.

நெஜமா பலன் வேணும்னா பாஸையும் ட்ரெபிளையும் பிரிக்கிற சர்க்யூட்ட, அதான் க்ராஸ்ஓவர, ஆம்புக்கு முன்னாடி வைக்கணும், ஆக்டிவ் பை-ஆம்ப். அங்க கணக்கே வேற. பாஸ் 20 வோல்ட் பீக், ட்ரெபிள் 20 வோல்ட் பீக்னா ஒத்த ஆம்ப் ரெண்டும் கூடுற எடத்துல 40 வோல்ட் தரணும், 8 ஓம்ல அதுக்கு 100 வாட்ஸ் ஆம்ப் வேணும். பிரிச்சுட்டா ஆளுக்கு 20 வோல்ட், ஆளுக்கு 25 வாட்ஸ் ஆம்ப் போதும். ஆனா ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற க்ராஸ்ஓவர எடுத்துட்டு டிஎஸ்பி (டிஜிட்டலா சவுண்ட பிரிச்சு சரிபண்ற சர்க்யூட்) வச்சு எல்லாத்தையும் புதுசா ட்யூன் பண்ணணும், எனக்கு அந்த தைரியம் இல்ல. வேற வேற ஆம்ப் ரெண்டு வச்சு பண்றவங்க கெயின் (ஆம்ப் சிக்னல எவ்ளோ பெருக்குதுங்கிறது) பொருந்துதான்னு பாருங்க, ஒண்ணு 26 டெஸிபல், இன்னொண்ணு 29னா ட்ரெபிள் காதக் குத்தும் இல்ல பாஸ் மொத்தும்.

எங்க ஊர்ல பவர் எங்க போகுதுன்னு அண்ணன்தான் இன்னொண்ணு காட்டினார். சாயங்காலம் ஏழு மணி, எல்லா வீட்லயும் ஹீட்டர், கீஸர், சுவத்துல இருக்கிற ப்ளக்ல மீட்டர் வச்சா 190 வோல்ட். சாதா ட்ரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்ல ப்ளக் வோல்டேஜ் எறங்குனா உள்ள ரெயில் வோல்டேஜும் (ஆம்ப் சர்க்யூட்டுக்குக் கெடைக்கிற டிசி) அதே விகிதத்துல எறங்கும், பவர் வோல்டேஜோட வர்க்கத்துல போகும், ஆக 230ல 100 வாட்ஸ் தர்றது 190ல 68 வாட்ஸ்தான். நான் என்னடான்னா இல்லாத நூறு வாட்ஸுக்கு வயர் சீவிட்டு இருந்திருக்கேன்! டிவிக்குன்னு வாங்கின ஸ்டெபிலைசர் சின்னது, இப்ப ரிசீவருக்குன்னு தனியா பெருசா ஒண்ணு வாங்கி மாட்டியாச்சு.

சரி, கேக்கிறதுக்கு வித்தியாசம் இருந்துச்சான்னா, முதல் நாள் பிரமாதம்னு தோணுச்சு. தங்கச்சிய விட்டு எது எதுன்னு சொல்லாம மாத்தி மாத்திப் போடச் சொன்னேன், பத்துல அஞ்சு தப்பு.

பட்டை இந்த ஊர் ஈரத்துல கருத்துப் போயிருந்துச்சு. அம்மா குத்துவிளக்கு தேய்க்கிற புளியிலயே தேய்ச்சு, கழுவி, நல்லா காயவச்சு திரும்ப மாட்டிட்டேன். மிச்சம் ரெண்டு சேனல ஸோன் 2ன்னு (வேற ரூமுக்கான அவுட்புட்) மாத்தி சமையல்கட்டுக்கு வயர் இழுத்தாச்சு, பழைய ஸ்பீக்கர் ரெண்டு பரண்ல கெடந்தது அங்க போயிருச்சு, காலையில ஆறு மணிக்கெல்லாம் அம்மா ஊட்டி ரேடியோ போட்டு என்னை எழுப்பி விட்டுர்றாங்க.