மதுமயக்கத்துக்கு எந்த ஊசி? சீன அவசரப் பிரிவில் கண்டவை

மருத்துவப் படிப்புக்காகச் சீனா செல்லும் தமிழ்நாட்டு மாணவர்கள் பலரைப் போல நானும் அங்கேயே படித்து, ஷான்டோங் மாகாணத்தின் ஒரு பெரிய மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக அவசரப் பிரிவில் பணிபுரிந்தேன். அந்த மாகாணத்தில் பைஜியு இல்லாமல் விருந்து நடப்பது அரிது. சோளத்திலிருந்து வடிக்கும் அந்தச் சாராயத்தில் எத்தனால் ஐம்பது விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். சீனப் புத்தாண்டான வசந்த விழாவை ஒட்டிய வாரங்களில் இரவு ஒன்பது மணிக்குமேல் எங்கள் தள்ளுபடுக்கைகளில் பாதி, விருந்து மேசையிலிருந்து நேராக வந்தவர்களால் நிரம்பிவிடும்.

அவர்களுக்கு ஏற்றப்படும் மருந்தை மூக்கே சொல்லிவிடும். சிங்நாவ்ஜிங் ஊசிமருந்தின் கண்ணாடிக் குப்பியைச் செவிலியர் உடைத்த மறுநொடி, பச்சைக் கற்பூரத்தை ஒத்த காட்டமான மணம் இரண்டு மூன்று படுக்கைகள் தாண்டியும் பரவும். கஸ்தூரி, போர்னியோல், மஞ்சள் இனத்துக் கிழங்கு ஒன்று, கார்டீனியாக் காய் ஆகிய நான்கிலிருந்து அது தயாராகிறது. மரபு மருத்துவர் வூ ஜூதோங் 1798இல் எழுதி முடித்த வெப்பநோய் நூலில் இடம்பெறும் ஆங்கோங் நியுஹுவாங் உருண்டையே அதன் மூலம். 10 முதல் 20 மில்லி வரை எடுத்து, குளுக்கோஸ் கரைசலிலோ உப்புக் கரைசலிலோ கலந்து சொட்டு சொட்டாக ஏற்றுவார்கள். அதே கம்பத்தில் பல நேரம் மேற்கத்திய மருந்தான நலோக்சோனும் தொங்கும். சீன மருந்தா, மேற்கத்திய மருந்தா என்று உறவினர்கள் வாசலில் நின்று விவாதிப்பார்கள். உள்ளே இரண்டும் ஒரே நரம்புக்குள் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டில் எது மேல் என்று கேட்பதற்கு முன்னால், இரண்டும் எதைச் செய்யவில்லை என்பதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் பணிக்காலம் என்னிடம் உறுதிப்படுத்திய கருத்து. கல்லீரல் எத்தனாலை ஏறக்குறைய ஒரே சீரான வேகத்தில்தான் அகற்றுகிறது: 100 மில்லி இரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம். 2011 மே முதல் சீனாவில் குற்றமாக்கப்பட்ட மதுபோதை ஓட்டுதலின் எல்லை 80 மில்லிகிராம். அந்த அளவு முழுதும் வடியவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். 300 மில்லிகிராமோடு வருபவருக்கு ஒரு பகல் முழுதும் போதாது. சிங்நாவ்ஜிங்கோ நலோக்சோனோ இந்த வேகத்தைக் கூட்டுவதாக நம்பத் தகுந்த சான்று இல்லை. மெட்டாடாக்சின் என்ற மூன்றாவது மருந்து சற்றுக் கூட்டுவதாகச் சிறிய ஆய்வுகள் சில கூறுகின்றன. உண்மையிலேயே எத்தனாலை விரைந்து வெளியேற்றுவது இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) மட்டுமே. அது உயிருக்குப் போராடும் சிலருக்கானது.

நலோக்சோன் ஹெராயின், மார்ஃபின் ஆகியவற்றுக்கு மிகச் சிறந்த முறிமருந்து. மது உடலிலேயே ஓபியாய்டு (அபின் வகை) போன்ற பொருட்களைத் தூண்டுகிறது என்ற கருதுகோள் 1970களின் இறுதியில் வலுப்பெற்றபோது, மதுமயக்கத்தையும் அது தெளிவிக்கும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. 1979இல் வெளியான ஒரு சிறு ஆய்வு அதற்கு ஊக்கமும் தந்தது. பின்னர் வந்த கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகள் அதை உறுதிசெய்யாததால், பல நாடுகளில் ஓபியாய்டும் சேர்ந்திருக்குமோ என்ற ஐயம் உள்ள நோயாளிக்கே அதைக் கொடுக்கிறார்கள். சீனாவில் அது வழக்கமான மருந்தாகவே நிலைத்துவிட்டது. 2014இல் வந்த வல்லுநர் வழிகாட்டுதலும் இந்த மூன்று மருந்துகளையும் குறிப்பிடுகிறது.

இதனால்தான் சீன இதழ்களில் வந்த ஒப்பீட்டு ஆய்வுகளை வாசிக்கும்போது எனக்குத் தயக்கம் ஏற்படுகிறது. பெரும்பாலும் ஒரு குழுவுக்கு நலோக்சோன் மட்டும், மற்றதற்கு நலோக்சோனோடு சிங்நாவ்ஜிங். யார் முதலில் விழித்தார்கள் என்பதே முடிவு. எடைக்கல்லே சரிபார்க்கப்படாதபோது தராசின் எந்தத் தட்டு தாழ்ந்தாலும் அதற்கு என்ன பொருள்? மேலும், குப்பியை உடைத்தாலே மணம் காட்டிக்கொடுக்கும் மருந்தை மருத்துவரும் செவிலியரும் அறியாதபடி கொடுப்பது எளிதன்று. விழித்த நேரத்தைக் குறித்துக்கொள்பவர்களும் அவர்களே. நோயாளி எவ்வளவு குடித்தார் என்பது உடன் வந்த நண்பரின் நினைவைப் பொறுத்தது. அந்த நண்பரும் குடித்தவர்தான்.

கரைசல் குளுக்கோஸாக இருக்கும்போது இன்னொரு குழப்பமும் சேர்கிறது. ஒரு நாள், உணவில்லாமல் குடித்திருந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவரை அழைத்துவந்த அவருடைய மனைவி, சென்ற முறை போட்ட மணமுள்ள ஊசியையே போடுங்கள், அதில்தான் உடனே எழுந்தார் என்று மன்றாடினார். நாங்கள் லாவ்ஷி (ஆசிரியர்) என்று விளித்த மூத்த மருத்துவர், “விரல் நுனியில் முதலில் குத்திப் பார்” என்றார். சர்க்கரை லிட்டருக்கு 2.3 மில்லிமோல், அதாவது நம் ஊர்க் கணக்கில் 100 மில்லிக்கு 41 மில்லிகிராம்; மிகவும் குறைவு. அடர் குளுக்கோஸ் ஏறி முடிவதற்குள் அவர் கண் திறந்து மனைவியின் பெயரைச் சொன்னார். சென்ற முறை அவரை எழுப்பியது கஸ்தூரியா, அது கலந்திருந்த சர்க்கரை நீரா என்பதை இனி யாராலும் பிரித்தறிய முடியாது.

மரபு மருத்துவத்தைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கில்லை. து யூயூ, மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த மலேரியா மருந்தான ஆர்டெமிசினினுக்காக 2015இல் நோபல் பெற்ற நாடு அது. மதுவைப் பற்றி மரபு நூல்களிடம் இருக்கும் நிதானம், இன்றைய விளம்பரங்களில் இல்லாதது. கூட்ஸுக் கொடியின் பூவை முதன்மையாகக் கொண்ட புகழ்பெற்ற கலவையைத் தந்த மரபு மருத்துவர் லி தோங்யுவான், 1251இல் மறைந்தவர். வேறு வழியில்லாதபோது மட்டும் அதைக் கொள்ள வேண்டும், அதை நம்பி நாள்தோறும் குடிக்கலாகாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். வாய்வழி அருந்தும் அம்மருந்து, குடித்து வயிறு கெட்டவனுக்கானது. நினைவிழந்து கிடப்பவனுக்கு அதைப் புகட்டினால் நுரையீரலுக்குள்தான் போகும்.

ஊசியாக நரம்பில் ஏறும்போது மூலிகையின் கணக்கே மாறிவிடுகிறது. 2006இல் யூசிங்சாவ் என்ற மூலிகையின் ஊசிமருந்து கடுமையான ஒவ்வாமைகளால் சீன அரசால் நிறுத்திவைக்கப்பட்டது. மரபு மருந்துகள் பலவற்றின் துண்டுச்சீட்டில் பக்கவிளைவுகள் என்ற இடத்தில் “இன்னும் தெளிவாகவில்லை” என்றே நெடுங்காலம் அச்சிட்டிருந்தார்கள். 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதி, மூன்றாண்டுகளுக்குப் பின்னும் அப்படியே விட்டால் பதிவைப் புதுப்பிக்க மறுக்கிறது. மிகவும் தேவையான விதி என்று கருதுகிறேன்.

அந்த இரவுகளில் உயிரைக் காத்தவை எளிய வேலைகள்: நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாந்தியை உறிஞ்சி எடுப்பது, உடல் குளிராமல் போர்த்துவது, தலையில் அடிபட்டிருக்கிறதா என்று முடியை விலக்கித் தடவிப் பார்ப்பது, நீண்டகாலக் குடியர் என்றால் தயாமின் (வைட்டமின் பி1) கொடுப்பது, மணிக்கொரு முறை உலுக்கிப் பார்த்து நினைவு கூடுகிறதா குறைகிறதா என்று எழுதுவது. எதிர்பார்த்த நேரத்தில் தெளியாதவரைத் தலை ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மருந்துகளையும் இனி யாரேனும் ஒப்பிட்டால், மூன்றாவதாக ஒரு குழுவுக்கு இந்தக் கவனிப்பை மட்டும் கொடுத்து, இரத்த எத்தனாலையும் மூச்சுக்குழாயில் வாந்தி புகுந்தவர்களின் எண்ணிக்கையையும் அளக்க வேண்டும். நான் அந்த ஆய்வைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.