வெக்கையும் விண்கப்பலும்: ஆடி மாசக் குறிப்புகள்

2025 ஆடி 6, ஞாயிறு

மாஸ் எஃபெக்ட் முதலாம் பாகம் திரும்பத் தொடங்கியாச்சு. 2007ல வந்த விண்கப்பல் கேம், நான் விளையாடுறது 2021ல மூண்டு பாகத்தையும் சேர்த்து மினுக்கி விட்டது. புதுக்குடியிருப்பு மச்சான் போன் எடுத்து "உதில வாற சாமான் ஒண்டாவது உண்மையில வேலை செய்யுமோடா" எண்டு கேட்டான், கேட்டதோட விட்டிருந்தாப் பரவாயில்லை, "எல்லாம் சும்மா புளுகு" எண்டும் சொல்லிப்போட்டு வைச்சிட்டான், அதுதான் எனக்கு ஏறினது.

புளுகு ஒண்டு இருக்குதுதான். எலிமென்ட் சீரோ எண்டு ஒரு பொருள், அதுக்குள்ள கரண்டை ஒரு மாதிரி விட்டா சுத்தி இருக்கிறதின்ர திணிவு கூடும், மற்ற மாதிரி விட்டாக் குறையும். ஒளியை விட வேகமாப் போறது, துவக்கு, தடுப்புக் கவசம், எல்லாம் இந்த ஒண்டை வைச்சுத்தான். இயற்கையில அப்பிடி ஒரு சாமானும் இல்லை. ஆனா கதை சொல்லுறவனுக்கு ஒரு பொய் குடுக்கலாம் எண்டது என்ர எண்ணம். அதைக் குடுத்த பிறகு மிச்சமெல்லாம் ஒழுங்கா வருதோ எண்டுதான் பாக்கோணும்.

நான் பாக்கப் போறது சூட்டை. ஃபிரிஜ், ஏசி திருத்திச் சீவிக்கிறவனுக்கு வேற என்ன கண்ணில படும்.

ஆடி 8, செவ்வாய்

பரந்தன் பக்கம் ஒரு கடை, ஏசி குளிருதில்லை எண்டு கூப்பிட்டவை. போய்ப் பாத்தா அவுட்டோர் யூனிட்டை ஆரும் களவெடுத்துப் போடுவாங்கள் எண்டு பின்னறைக்குள்ள வைச்சுப் பூட்டியிருக்கினம். கதவைத் திறந்தவுடன முகத்தில அடிச்சுது பாருங்கோ வெக்கை, யூனிட்டின்ர ஃபின் தகடெல்லாம் நெல்லுத் தூசி, கொம்ப்ரசர் ரெண்டு நிமிசம் ஓடும், சுட்டுப்போய் நிக்கும், பிறகும் ஓடும். முதலாளி ஐயாவுக்கு நான் விளங்கப்படுத்தினது ஒண்டுதான், ஏசி குளிரை உண்டாக்கிறேல்லை ஐயா, உள்ள இருக்கிற சூட்டைத் தூக்கி வெளிய எறியுது, எறிய இடமில்லாட்டி அது என்ன செய்யும்.

விண்வெளியும் அந்தப் பூட்டின பின்னறை மாதிரித்தான். கனபேர் நினைக்கிறது அங்க சரியான குளிர், கப்பல் உறைஞ்சு போகும் எண்டு. காத்து இல்லையே, சூட்டை ஆர் வாங்கிக்கொண்டு போறது? கதிர்வீச்சா வெளியேறினாத்தான் உண்டு, அது ஆறுதலான வேலை. சர்வதேச விண்வெளி நிலையம் 400 கிலோமீற்றர் உயரத்தில சுத்துது, அதில சூரியத் தகட்டை எல்லாரும் படத்தில பாத்திருப்பினம், பக்கத்தில வெள்ளையா மடிப்பு மடிப்பா நீட்டிக்கொண்டு இருக்கிறதை ஆரும் கவனிக்கிறேல்லை. அதுதான் ரேடியேட்டர். உள்ள ஓடுறது அமோனியா, ஐஸ் பக்டரியளில ஓடுற அதே அமோனியா, மைனஸ் 77 பாகை வரைக்கும் உறையாது எண்டபடியா வெளிக் குழாய்க்கு அதைப் போட்டிருக்கினம். அவ்வளவு பெரிய தகடுகளும் சேர்ந்து வெளிய தள்ளுறது 70 கிலோவாட்.

கேமுக்குள்ள கோடெக்ஸ் எண்டு ஒரு விளக்கப் பகுதி இருக்கு, விளையாடுற பெடியள் திறந்தும் பாக்கிறேல்லை. அதில எழுதி வைச்சிருக்கிறான், கப்பல் சண்டை எவ்வளவு நேரம் நடக்கும் எண்டதை முடிவு பண்ணுறது சூடுதான், சூட்டை வெளியேத்த ஏலாத கப்பல் பின்வாங்கோணும், இல்லாட்டி உள்ளுக்க இருக்கிற ஆக்கள் அவிஞ்சு போவினம் எண்டு. எழுதினவன் ஆரோ தெரியாது, கைகுடுக்கோணும். மற்றக் கேமுகள் கனக்கத்தில விண்கப்பலுக்கு ஒரு ரேடியேட்டர் கூட இருக்காது.

ஆடி 12, சனி

துவக்குக்கு வருவம். முதலாம் பாகத்தில துவக்குக்குச் சன்னம் முடியாது. உள்ள ஒரு உலோகக் கட்டி, அதில இருந்து மண்துணிக்கை அளவு துண்டைச் சீவி எடுத்து, திணிவைக் குறைச்சு, மின்காந்தத்தால தள்ளி விடுது. துண்டு சின்னன், வேகம் கூட, ஒரு கட்டி ஆயிரக்கணக்கான வேட்டுக்குக் காணும். ஆனா விடாமல் அடிச்சா துவக்கு சுட்டுப் பூட்டிக்கொள்ளும், கீச்சிடும், ஆறும் வரைக்கும் ஒளிச்சு நிக்கோணும்.

எனக்கு இது வலு விருப்பம். சன்னம் எண்ணுற கேம் ஆயிரம் இருக்கு, சூட்டை எண்ணுற கேம் எத்தினை? வேட்டுக்குப் போன சக்தியில ஒரு பங்கு கட்டாயம் துவக்கிலயே தங்கும், தங்கினது வெளியேற நேரம் வேணும். நேற்றிரவு மின்விசிறி என்ர கொம்பியூட்டருக்கா எனக்கா எண்டு அம்மாவோட சண்டை, சோளகக் காத்து எல்லாம் பகலோட சரி, இரவில ஒரு அசைவும் இல்லை, தகரக் கூரை வேற.

ஆடி 17, வியாழன்

இரண்டாம் பாகம், 2010ல வந்தது. எல்லாத்தையும் கெடுத்துப்போட்டாங்கள்.

இப்ப துவக்குக்கு தேர்மல் கிளிப் எண்டு ஒண்டு. சூடு முழுக்க அந்தக் கிளிப்புக்குள்ள இறங்கும், நிரம்பினவுடன வெளிய துப்பிப்போட்டு அடுத்ததைப் போடு. யோசிச்சுப் பாத்தா இதில பௌதிகப் பிழை இல்லை, உண்மையிலயே செய்யிற வேலைதான், விண்வெளியில நடக்கிறவை போடுற உடுப்பில தண்ணியை வெற்றிடத்துக்கு ஆவியா விட்டுத்தான் உடம்புச் சூட்டைக் குறைக்கிறது, தண்ணியோட சூடும் போயிடும். சூடான பொருளையே தூக்கி எறியிறது எண்டது நல்ல வழி.

பிழை வேற இடத்தில. கிளிப் முடிஞ்சா துவக்கு செத்துப் போகுது. ஏன்? முந்தி தானா ஆறின சாமான் தானே, கொஞ்ச நேரம் பொறுத்தா ஆறோணும். அதைவிட, எந்தத் துவக்குக்கும் பொருந்தும் எண்டு அவையே சொல்லுற கிளிப், கைத்துப்பாக்கிக்கு எடுத்தது ஸ்னைப்பருக்கு ஏறாதாம். இன்னும் பகிடி, ஜேக்கப் எண்டவன்ர அப்பாவைத் தேடிப் போற ஒரு மிஷன், பத்து வருசத்துக்கு முதல் விழுந்து வெளியுலகத் தொடர்பே இல்லாத கப்பல், அந்த இடம் முழுக்க கிளிப் கிடக்குது. கதையின்ர கணக்கில முதலாம் பாகம் 2183, இரண்டாம் பாகம் 2185, கிளிப் வந்ததே இந்த ரெண்டு வருசத்துக்குள்ள. ஆர் கொண்டுபோய்ப் போட்டது?

மச்சானுக்கு வொய்ஸ் அனுப்பினன். "உனக்கு வேலை இல்லையோடா" எண்டு பதில்.

ஆடி 18, வெள்ளி

கேமில சிட்டாடல் எண்ட விண்வெளி நிலையத்தில ஒரு சார்ஜன்ட் ரெண்டு புதுப் பெடியளை நிப்பாட்டி வைச்சு ஏசுற இடம் ஒண்டு வருது, நியூட்டனையும் இழுப்பான். கப்பல் பீரங்கி 20 கிலோக் குண்டை ஒளிவேகத்தில 1.3 வீதத்துக்குத் தள்ளுதாம், ஐஞ்சு செக்கனுக்கு ஒருக்கா, 38 கிலோதொன் குண்டுக்குச் சமனாம். ஏ.எல். படிச்ச கணக்கு, விடுவனோ. 1.3 வீதம் எண்டா செக்கனுக்கு 3900 கிலோமீற்றர், இயக்கசக்திக்கு அரை எம் வி வர்க்கம் போட்டா 36 கிலோதொன் வருது. கிட்டத்தட்டச் சரி! கேம் எழுதினவங்கள் கல்குலேட்டர் எடுத்திருக்கிறாங்கள். ஹிரோஷிமாவில போட்ட அணுகுண்டு 15 அளவில, அவன் மூண்டு மடங்கு எண்டுறான், ரெண்டரை எண்டு வைச்சுக்கொள்ளுவம்.

உதைப்பும் பிரச்சினை இல்லை, கப்பல் பத்து லட்சம் தொன் எண்டா வேட்டுக்கு செக்கனுக்கு 8 சென்ரிமீற்றர் பின்னால போகும், அவ்வளவுதான்.

சூடுதான் இடிக்குது. ஐஞ்சு செக்கனுக்கு ஒருக்கா அந்தச் சக்தி எண்டா 30 டெராவாட், உலகம் முழுக்க மனுசர் எரிக்கிற எண்ணெய், நிலக்கரி, கரண்ட் எல்லாத்தையும் கூட்டினாலும் 20க்குக் கிட்டத்தான் வரும். அதில நூறில ஒண்டுதான் வீணாகுது எண்டு தாராளமா விடுவம், ஒரு பீரங்கியும் அப்பிடி வராது, அப்பவும் 300 கிகாவாட் சூடு. மன்னார் தம்பபவனிக் காற்றாலையில நிக்கிற காத்தாடியள் எல்லாம் சேர்ந்து நல்ல காத்துக்கு 100 மெகாவாட் அளவில, அதைப்போல மூவாயிரம். ரேடியேட்டரை 1000 கெல்வின், எங்கட பாகையில 727, வரைக்கும் சூடாக்கினா ஒரு சதுர மீற்றர் 57 கிலோவாட் வீசும், கணக்குப் போட்டா ரெண்டு பக்கமும் வீசுற தகடு 650 ஏக்கர் வேணும். எங்கட ஆக்களுக்கு ஏக்கரில சொன்னாத்தான் விளங்கும், ஒரு பீரங்கிக்கு 650 ஏக்கர் வயல் அளவில தகடு இழுத்துக்கொண்டு சண்டைக்குப் போகோணும். கேமில கப்பல் எல்லாம் வழுவழு எண்டு இருக்கு.

ஆடி 20, ஞாயிறு

கடைசியா நோர்மண்டி, எங்கட கப்பல். ஒளிச்சுப் போற கப்பல் எண்டுதான் பேர். விண்வெளிப் பின்னணி 2.7 கெல்வின், அதாவது மைனஸ் 270 பாகை, சூடான கப்பல் கன தூரத்தில இருந்தும் அகச்சிவப்பில பளிச்செண்டு தெரியும். அதால சூட்டை வெளிய விடாமல் உள்ளுக்க லித்தியத்துக்குள்ள சேத்து வைக்குதாம், ரெண்டு மணித்தியாலம் மட்டும்.

லித்தியம் எண்டு தெரிவு செய்தவன் விசயம் தெரிஞ்சவன். திண்ம மூலகங்களில தன்வெப்பக் கொள்ளளவு ஆகக் கூட அதுக்குத்தான், ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்க 3.6 கிலோஜூல், இரும்புக்கு 0.45. 180 பாகையில உருகேக்க இன்னும் கொஞ்சம் விழுங்கும், கொதிக்க 1300 தாண்டோணும். 1200 பாகை மட்டும் ஏத்தினா கிலோவுக்கு 5 மெகாஜூல் அடக்கலாம். கப்பல் 10 மெகாவாட் சூடு விடுது எண்டு நானா வைச்சுப் பாத்தன், ரெண்டு மணித்தியாலத்துக்கு 14 தொன் லித்தியம் காணும், லித்தியம் பாரம் குறைஞ்சு கூட இடம் பிடிக்கிற சாமான் எண்டாலும் 20 அடிக் கொன்டெய்னருக்குள்ள அடங்கிப் போகும். நான் எதிர்பார்க்கவே இல்லை, உண்மையிலயே சரிவருது.

சரிவராதது, புகையோ சுவாலையோ இல்லாமல் தள்ளுற எஞ்சின். எதையும் பின்னால எறியாமல் முன்னால போறது உந்தக் காப்பு எண்ட பௌதிக விதிக்கே விரோதம். அது ரெண்டாவது பொய், நான் குடுத்தது ஒண்டுதான்.

கேமில காட்டாத ஒண்டும் இருக்கு. ஒளிச்சு முடிஞ்சு வெளிய வந்தவுடன அந்த 14 தொன் உருகின லித்தியத்தையும் ஆற வைக்கோணும். 1000 சதுர மீற்றர் ரேடியேட்டர் விரிச்சாலும் முந்திச் சொன்ன 1000 கெல்வினில ஒரு பக்கத்தால 57 மெகாவாட்தான், வெப்பநிலை பாதியாக் குறைஞ்சா வீச்சு பதினாறில ஒண்டாப் போயிடும், எஞ்சின் வேற ஓடிக்கொண்டிருக்கு. மணிக்கணக்கா நடு விண்வெளியில செக்கச் சிவப்பாத் தகடு விரிச்சுக்கொண்டு நிக்கோணும், ஒளிக்க ஏலாது, ஓடவும் ஏலாது. அந்த நேரத்தில எதிரி வந்தா எப்பிடி இருக்கும் எண்டு ஒரு மிஷன் வைச்சிருந்தா நான் காசு குடுத்து வாங்கியிருப்பன்.

மச்சான் இதை வாசிச்சுப்போட்டு, மூண்டாம் பாகத்தை முடிச்சிட்டு எழுது, முதல்ல எங்கட வீட்டு ஃபிரிஜ்ஜை வந்து பார் எண்டுறான். நாளைக்குப் போகோணும்.